குண்டுப் பானையின் முன்பக்கம்

1

இந்தக் கதை ஒரு அட்டையில் பிறந்தது. மழைக்கு ஒதுங்கப் போன இடத்தில் கிடைத்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நான் குடியிருக்கும் கடற்கரை ஊரிலிருந்து ரயிலில் கொஞ்ச தூரம். அரிசி மது காய்ச்சிய ஒரு குடும்பத்தின் பழைய வீட்டை நாட்டார் கைவினை அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். (ஜப்பானின் மேற்குக் கரை, கொரியாவைப் பார்த்த பக்கம். இலையுதிர் காலத்தில் துணி காயாது, குளிர்காலத்தில் எதுவுமே காயாது. ஊரைப் பற்றி இதற்கு மேல் சொல்லப்போவதில்லை.) உள்ளே கூடைகள், கெண்டிகள், நெசவுத் துணிகள், தேய்ந்துபோன அகப்பைகள். கண்ணாடிப் பெட்டி கிடையாது, விளக்க அட்டை கிடையாது. கடைசி அறையில் பாய் விரித்த தரை. சுவரோரம் ஒரு தாழ்வான மரப்பெட்டி. அதன் மேல், இரண்டு கையாலும் கட்டிப் பிடிக்கலாம் போல ஒரு பெரிய வெள்ளைப் பானை. அதற்கு மட்டும் அட்டை இருந்தது.

"கொரியா. செய்தவர் பெயர் தெரியாது. ஒரு மக்களின் கண்ணீர் இந்த வளைவில் தங்கியிருக்கிறது."

அட்டையைப் படித்துவிட்டு நிமிர்ந்தபோது பானை அழுதுகொண்டிருந்தது. படிக்கும் முன் அது அழவில்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் முதலில் பார்த்தபோது எனக்குப் பசி எடுத்தது.

அங்கேயே கதை தொடங்கிவிட்டது. எழுதுகிறவர்களுக்கு மழைக்கு ஒதுங்கினாலும் புத்தி சும்மா இருக்காது. இனி வரும் ஆட்கள், அவர்களுடைய சண்டை, அந்த அருங்காட்சியகத்தின் கதை எல்லாம் என் சரக்கு.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

நிலா வடிவான அந்தப் பானையின் மேல் அந்தி வெளிச்சம் ஒரு தாயின் விரலைப் போல மெல்ல—

வேண்டாம். தாயின் விரல் வந்தால் அடுத்த வரியில் கண்ணீர் வந்துவிடும். அட்டை எழுதியவருக்கு நேர்ந்தது எனக்கும் நேர்ந்துகொண்டிருக்கிறது.

இரண்டாவது தொடக்கம்:

கொரியா ஜப்பானின் பிடியில் இருந்த காலத்தில், சில ஜப்பானியர்—

இது கட்டுரை. ஆனால் கொஞ்சம் கட்டுரை இல்லாமல் இந்தக் கதை நிற்காது, ஆகவே பொறுத்துக்கொள்ளுங்கள். சுமார் நூறு வருஷத்துக்கு முன் ஜப்பானில் சிலருக்கு ஓர் எண்ணம் வந்தது. பெரிய கலைஞர் கையெழுத்துப் போட்டுச் செய்ததைவிட, பேர் தெரியாத ஒருவர் தினப் புழக்கத்துக்காக மளமளவென்று செய்து அடுக்கிய கிண்ணம்தான் அழகு. அவர் அழகைப் பற்றி நினைக்கவே இல்லை, அதனால்தான் அது அவர் கையில் வந்து உட்கார்ந்தது. முதலில் பார், தெரிந்துகொள்வது பிறகு என்றார்கள். இப்படி ஒரு பார்வையை அவர்களுக்குத் தந்தவை பெரும்பாலும் கொரியப் பானைகள். கோணலாக இருந்தும் அதைப் பற்றிக் கவலைப்படாத பானைகள். ஜப்பானியச் சக்கரத்தில் அந்த அலட்சியம் வரவில்லை என்று ஏங்கினார்கள். அந்த ஏக்கத்தை நான் மதிக்கிறேன். ஒரு சாதாரணக் கிண்ணத்துக்காக மனிதர்கள் வாழ்க்கையையே மாற்றிக்கொண்டார்கள் என்பது எனக்கு இன்றும் பெரிய விஷயம்தான்.

ஆனால் அதே வாயால், கொரியாவின் அழகு துயரத்தின் அழகு என்றும் சொன்னார்கள். வெள்ளை துக்கத்தின் நிறம், வளைகோடு அழுகையின் கோடு. அடித்தவர் வீட்டுப் பிள்ளை அடிபட்டவர் வீட்டுக்கு வந்து, உங்கள் முகத்தில் துக்கம் எவ்வளவு எடுப்பாக இருக்கிறது என்று சொன்னால் எப்படி இருக்கும்? கொரியர்கள் பிறகு அதைத்தான் திருப்பிக் கேட்டார்கள். மற்றவர்கள் ஏறிட்டும் பார்க்காத பானையின் முன் மண்டியிட்டவர்களும் இவர்கள்தான் என்பதையும் கொரியர்களில் பலர் மறக்கவில்லை.

இன்னொரு சங்கடம். தன்னை நினைக்காத கைதான் அழகைச் செய்யும் என்பது அந்த ஜப்பானியர்களின் கட்சி. இந்தக் கதையோ வரிக்கு வரி கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்கிறது. அவர்கள் பார்வையில் இது தேறாது. இருந்தாலும் பேப்பரை வாங்கிவிட்டேன், எழுதுகிறேன்.

3

அட்டையை எழுதியவள் பெயர் இசோகாய் சுமி. (இசோகாய் குடும்பப் பெயர்; மரியாதைக்கு அதோடு 'சான்' சேர்ப்பார்கள்.) அருங்காட்சியகத்தின் காப்பாளர், ஐம்பதைத் தாண்டியவள். அவளை வேலைக்குச் சேர்த்தவர் அரிமோத்தோ என்ற பெரியவர், அந்த இடத்தை நிறுவியவர். அட்டை எழுதவே கூடாது என்பது அவர் சட்டம். அவர் காலமான பிறகு சுமி அந்தச் சட்டத்தை ஒரே ஒரு முறை மீறினாள், இந்தப் பானைக்காக.

தினமும் காலையில் அறையைச் சூடாக்கும் மண்ணெண்ணெய் அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, கதவைத் திறக்கும் முன், பானையின் எதிரில் வந்து உட்காருவாள். ஒன்றும் செய்யமாட்டாள். அடுப்பு சூடாகும் வரை பார்த்துக்கொண்டிருப்பாள்.

முதல் பிரதியில் இவளை மெல்லிய உதடும் தங்க ஃபிரேம் கண்ணாடியும் போட்ட ஒரு சிடுமூஞ்சியாக வைத்திருந்தேன். அப்படி ஒருத்தியை யாராவது வந்து மட்டம் தட்டினால் படிக்கிறவர்களுக்குக் குஷியாக இருக்கும். பிறகு வெட்கமாகிவிட்டது. ஒருத்தி தினமும் காலையில் பானையைப் பார்த்துக்கொண்டு உட்காருகிறாள் என்று எழுதிய கையால் அவளை எப்படிச் சிடுமூஞ்சி ஆக்குவது? கண்ணாடியைக் கழற்றிவிட்டேன்.

பானை அருங்காட்சியகத்துக்குச் சொந்தமில்லை. பே என்ற கொரியக் குடும்பத்துடையது. ஊருக்கு வெளியே பழைய இரும்புக் கடை வைத்திருந்த பே கிழவர், அந்தக் காலத்தில் அரிமோத்தோவிடம் பார்வைக்கு வைத்துக்கொள்ளும்படி கொடுத்தது. கிழவர் போய்ச் சேர்ந்து வருஷங்களாகிவிட்டன. இப்போது அவருடைய மருமகள் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ள வருகிறார். பெயர் கூ யொன்ஹ்வா, பல் டாக்டர்.*

* சுமியை அவள் என்கிறேன், டாக்டரை அவர் என்கிறேன். பல்லைப் பிடுங்குகிறவர்கள் மேல் எனக்கு எப்போதும் ஒரு பயம் உண்டு.

4

(இந்த இடத்தில் இரண்டு பக்கம் இருந்தது. அதில் கூ டாக்டருக்குச் சின்ன வயதில் இறந்துபோன ஒரு தங்கை இருந்தாள். வெள்ளைப் பானையைப் பார்த்ததும் டாக்டருக்கு வெள்ளை உடுத்திய அந்தத் தங்கை ஞாபகம்— என்று போயிற்று. டாக்டருக்குக் கொஞ்சம் துக்கம் இருந்தால் கதைக்குக் கனம் வரும் என்று நினைத்தேன். எழுதி முடித்துவிட்டுப் படித்தால், அது சுமியின் அட்டையேதான், கொஞ்சம் நீளமாக. கிழித்துப் போட்டேன். டாக்டருக்குத் தங்கையே கிடையாது. ஓர் அண்ணன் இருக்கிறார், ஒசாகாவில், நன்றாகச் சாப்பிடுகிறார்.)

நவம்பர். நண்டுப் பருவம் தொடங்கியிருந்தது, ஊர் மொத்தமும் துறைமுகத்தில் கிடந்தது. அருங்காட்சியகத்தில் ஈ காக்கை இல்லை. கூ டாக்டர் வாசலில் வேனை நிறுத்தினார். பின் இருக்கையில் பானையைச் சுற்ற இரண்டு பழைய மெத்தைகள். குடையை உதறி, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்.

"இசோகாய்-சான், அந்தக் கீழ்க் கடைவாய்ப் பல்லு எப்படி இருக்கு?"

"வலி இல்ல டாக்டர். ஆனா நீங்க சொன்ன மாதிரி பல்லிடுக்குல நூல் விட்டுச் சுத்தம் பண்றதில்ல."

"தெரியும். யாருமே பண்றதில்ல. நீங்களாவது ஒத்துக்கிட்டீங்க."

சுமி தேநீர் வைத்தாள். வருஷக்கணக்காக இந்த டாக்டரிடம் வாயைத் திறந்து காட்டியிருக்கிறாள், டாக்டர் ஒருநாளும் இங்கே வந்ததில்லை.

"மக ஃபுகுவோக்காவுல வீடு வாங்கியிருக்கா," என்றார் டாக்டர். "கூடத்துல ஒரு மூலை காலியா இருக்காம். தாத்தா பானை வேணுங்கறா. உங்களுக்குச் சிரமம் இல்லையே?"

சிரமம் இல்லை என்று சொல்ல வேண்டிய இடம். சுமி எழுந்து போய், பானைக்கென்று செய்த மரப்பேழையைக் கொண்டுவந்து வைத்தாள். மூடியில் அரிமோத்தோவின் தூரிகை எழுத்து இருந்தது. டாக்டர் தலையைச் சாய்த்துப் படித்தார்.

"துயர நிலா. இது என்ன?"

"பானையோட பேரு. அரிமோத்தோ ஐயா வெச்சது. நல்ல பொருளுக்குப் பேரு வெச்சுப் பெட்டியில எழுதறது எங்க வழக்கம்."

"செஞ்சவனுக்குப் பேரு இல்லைங்கறதுதான் இதோட பெருமைன்னு சொல்வீங்களே. அப்புறம் பானைக்கு மட்டும் எதுக்கு?"

சுமி யோசித்துப் பார்த்தாள். இத்தனை நாளில் யாரும் இதைக் கேட்டதில்லை.

"எங்க வீட்ல இதுக்கு ஏற்கெனவே பேரு இருக்கு," என்றார் டாக்டர். "குண்டு. 'குண்டு மேல பந்து அடிக்காதே', 'குண்டுக்குள்ள யாரு மிட்டாய ஒளிச்சு வெச்சது' இப்படி. சரி, குண்டு எங்க?"

5

கடைசி அறைக்குள் போனதும் டாக்டர் பானையின் முன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. சுமி பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து, அந்த மௌனத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டாள். பாவம், நெகிழ்ந்து போயிருக்கிறார் என்று நினைத்தாள்.

"இதைத் திருப்பி வெச்சிருக்கீங்க," என்றார் டாக்டர்.

"என்ன டாக்டர்?"

"முகம் சுவத்துப் பக்கம் இருக்கு. இது முதுகு."

இவ்வளவு பெரிய பானையை ஒரே மூச்சில் வனைய முடியாது. இரண்டு பெரிய கிண்ணங்களாக வனைந்து, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து, இடுப்பில் ஒட்டுவார்கள். சூளையில் அது ஒரு பக்கம் கொஞ்சம் தொய்யும். இந்தப் பானையின் தொய்ந்த பக்கம்தான் அறையைப் பார்த்து இருந்தது. இடுப்பில் ஒட்டு நன்றாகவே தெரிந்தது. அதன் கீழே பழுப்பாக ஒரு கறை படர்ந்திருந்தது. சுமிக்குப் பானையில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

"இந்தப் பக்கந்தான் முகம்னு அரிமோத்தோ ஐயா முடிவு பண்ணாரு," என்றாள். "இந்தக் கறைய நாங்க 'நிலக்காட்சி'ன்னு சொல்வோம். மலைச்சரிவுல மேகம் இறங்கற மாதிரி இருக்கு பாருங்க."

"சோயா சாஸ் இறங்கற மாதிரி இருக்கு. யாரோ ஊத்தி வெச்சிருக்காங்க, மெருகுல விரிசல் விட்டு வெளிய கசிஞ்சிருக்கு. என்கிட்ட வர்ற ஆளு பல்லுல இப்படிக் கறை இருந்தா நான் மேகம்னு சொல்ல மாட்டேன், வேர் சிகிச்சைக்குப் படுக்கச் சொல்வேன்." இடுப்பு ஒட்டைச் சுட்டிக் காட்டினார். "மேல் தாடையும் கீழ் தாடையும் சேரல. கடிக்க முடியாது."

"அதுதான் அழகு டாக்டர். செஞ்சவரு அதைப் பத்திக் கவலையே படல."

"கவலைப்படலதான். அதுக்காக விருந்தாளி முன்னால இந்தப் பக்கத்தை வெப்பாங்களா? எங்க வீட்ல இது எப்பவும் சுவத்தப் பார்த்துத்தான் இருக்கும். நீங்க வீட்டுக்கு வந்தவங்களை முதுகைக் காட்டியா வரவேற்பீங்க?"

(ஜப்பானில் மட்டுமே சாத்தியமான தவறு இது என்று எழுதிவிட்டு அடித்தேன். பிறகு அடித்ததை அடித்தேன். பழுதில் அழகைப் பார்க்கப் பழகிய கண் இது. பழுது இருந்தால் அதைத் தேடிப்போய் முன்னால் திருப்பி வைக்கும். அந்தக் கண்ணை நான் விரும்புகிறேன். என் வீட்டுக் கோப்பைகள் எல்லாம் இன்று உடைசல் தெரியும்படிதான் நிற்கின்றன.)

6

இரண்டு பேரும் சேர்ந்துதான் பானையைத் தூக்க வேண்டும் என்பது அங்கே விதி. டாக்டர் மோதிரத்தைக் கழற்றினார், சுமி கைக்கடிகாரத்தைக் கழற்றினாள். ஒருவர் அடியைத் தாங்கினார், ஒருவர் தோளைப் பிடித்தார். திருப்பும்போது சுமி இந்தப் பக்கமும் டாக்டர் அந்தப் பக்கமும் திருப்பியதால் பானை இருந்த இடத்திலேயே இருந்தது.

"உங்க பக்கம் விடுங்க," என்றார் டாக்டர்.

சுமி விட்டாள். பானை மெல்லத் திரும்பியது.

மறுபக்கத்தை அவள் வருஷக் கடைசித் துப்புரவில் பார்த்ததுண்டு. ஆனால் துணியைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் தூசிதான் தெரியும். இப்போது உட்கார்ந்து பார்த்தாள். கறை இல்லை, தொய்வு இல்லை, ஒட்டு இருக்கும் இடமே தெரியவில்லை. வெள்ளையாக, முழுசாக, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு எழுந்த ஆளைப் போல இருந்தது. நன்றாகத்தான் இருந்தது. அதுதான் சுமிக்குக் கோபமாக வந்தது.

"இந்தப் பக்கம் ரொம்பச் சாதாரணமா இருக்கு," என்றாள்.

"சாதாரணமா இருக்கறதுதான் உங்களுக்குப் பிடிக்கும்னு கேள்விப்பட்டேன்."

டாக்டர் குனிந்து காலடியிலிருந்த அட்டையை எடுத்தார். படித்தார். சட்டென்று அவர் குரல் மாறியது.

"கண்ணீரா? இது அழுவுதுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"உங்க மாமனார்," என்றாள் சுமி.

7

எதிர்பார்க்காத பதில். எழுதிய எனக்கே. சுமி ஒரு தத்துவத்தைச் சொல்லித் தப்பிப்பாள் என்று நினைத்திருந்தேன். ஆனால் அவள் சொன்னது இது.

அவள் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பே கிழவர் வருவார். அதோ அந்த மூலையில், உட்காரும் சிறு மெத்தைகூடப் போடாமல் வெறும் பாயில், கையைக் கட்டிக்கொண்டு உட்காருவார். யாராவது பார்க்க வந்தால் தலையைக் குனிந்துகொள்வார். அவர் தோள் குலுங்கும். சுமி கொண்டுவந்து வைத்த தேநீர் ஆறிப் போகும். வந்தவர்கள் போன பிறகுதான் எடுத்துக் குடிப்பார்.

"அழறாருன்னு தெரிஞ்சுது," என்றாள் சுமி. "ஊரை விட்டு வந்தவரு. அந்த ஊர்லேந்து கூட வந்தது இந்தப் பானை ஒண்ணுதான். கிட்ட போய் ஒரு வார்த்தை கேக்கணும்னு ஒவ்வொரு வாரமும் நினைப்பேன், கேக்கல. அரிமோத்தோ ஐயா போனப்புறம், அந்தத் தோளை நினைச்சுத்தான் அட்டை எழுதினேன். எந்தப் புத்தகத்தையும் பார்த்து எழுதல."

டாக்டர் அவளையே பார்த்தார்.

"தோள் குலுங்குச்சா?"

"ஆமா."

"இப்படியா?" டாக்டர் கையைக் கட்டித் தலையைக் குனிந்து தோளைக் குலுக்கிக் காட்டினார்.

"இதேதான்."

"அடப் பாவமே. இசோகாய்-சான், அவர் சிரிப்பை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு."

சுமிக்கு முதலில் காதில் விழவில்லை போல இருந்தது.

"இந்த ஊருல பெரிய மனுஷங்க எல்லாம் வருவாங்க இல்ல," என்றார் டாக்டர். "பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியரு, டவுன் ஆபீஸ்காரரு, துணிக்கடை முதலாளி. தெருவுல எங்க மாமாவைப் பார்த்தா அந்தப் பக்கம் திரும்பிக்குவாங்க. பழைய இரும்புக்காரன், அதுலயும் கொரியாக்காரன். அதே ஆளுங்க இங்க வந்து, அவரோட பானை முன்னால மண்டி போட்டு, ரெண்டு கையையும் பாயில ஊனி, நெத்தி தரையில படற மாதிரி குனிவாங்க. மூலையில உட்கார்ந்திருக்கறது யாருன்னுகூடத் தெரியாது. மாமா வீட்டுக்கு வந்து சாப்பாட்டுல ஒவ்வொருத்தரா நடிச்சுக் காட்டுவாரு. தலைமை ஆசிரியரு குனியறப்ப மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்தது. துணிக்கடைக்காரருக்குக் கால் மரத்துப் போய், எந்திரிக்க முடியாம, பானையையே இன்னும் ரசிக்கற மாதிரி பாவலா பண்ணது. எங்க மாமியாருக்குப் புரை ஏறி, முதுகுல தட்டித் தண்ணி குடுக்கணும். ஞாயித்துக்கிழமை ஆச்சுன்னா எங்களுக்கு அதுதான் சினிமா."

சுமியின் முகம் சிவந்துவிட்டது. மெதுவாகக் கேட்டாள்:

"அரிமோத்தோ ஐயாவை எப்படி நடிச்சுக் காட்டுவாரு?"

டாக்டர் அட்டையின் ஓரத்தை விரலால் தடவினார்.

"அவரை மட்டும் நடிக்க மாட்டாரு. அவரு முதல்முறையா எங்க கடைக்கு வந்தப்ப, இரும்புக் குப்பைக்கு நடுவுல, முதல்ல மாமாவுக்குக் குனிஞ்சாராம். அப்புறந்தான் வீட்டுக்குள்ள வந்து பானைக்கு. அதனாலதான் குடுத்தேன்னு சொல்வாரு."

8

இங்கே கதையை நிறுத்தலாம். நல்ல இடம். நான் ஒருமுறை நிறுத்தியும் பார்த்தேன்.

ஆனால் இரண்டு பிரச்சினை. ஒன்று, பானை இன்னும் போகப்போகிறதா இல்லையா என்பது தெரியவில்லை. இரண்டு, கண்ணீர் என்ற அட்டையைக் கிழித்துவிட்டுச் சிரிப்பு என்று புது அட்டை ஒட்டிவிட்டேனோ என்று எனக்குச் சந்தேகம். அந்தச் சந்தேகம் சுமிக்கும் வந்தது.

"எப்பவும் சிரிப்புதானா டாக்டர்? ஒருநாள்கூட வேற மாதிரி இல்லையா?"

டாக்டர் உடனே ஆமாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். சொல்லவில்லை.

"ஒரு ஞாயித்துக்கிழமை நடிச்சுக் காட்டல," என்றார். "கை கழுவப் போனவரு ரொம்ப நேரம் வரல. குழாய் மட்டும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. வந்து உட்கார்ந்து சாப்பிட்டாரு. நாங்க யாரும் கேக்கல."

(அன்று அருங்காட்சியகத்தில் என்ன நடந்தது என்று மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் கிழவரின் ஊரிலிருந்து யாரோ— வேண்டாம். வீட்டு ஆட்களே கேட்கவில்லை. குளியலறைக் கதவைத் தட்ட நான் யார்?)

சுமி அட்டையைக் கையில் வாங்கினாள். கிழிக்கப் போனவளை டாக்டர் தடுத்தார்.

"வெச்சுக்கோங்க. நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. வேற ஏதாவது பானைக்கு ஆகும்."

சுமி சிரித்தாள், சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அட்டையை இடுப்பில் கட்டியிருந்த வேலைத்துணியின் பைக்குள் போட்டுக்கொண்டாள். பிறகு, டாக்டரின் முகத்தைப் பார்க்காமல், பானையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"இதை எடுத்துட்டுப் போகாதீங்க டாக்டர். நான் தப்பாப் பார்த்தேன். ஆனா தினமும் பார்த்தேன்."

9

முடிவுகள்.

முதல் முடிவு: டாக்டர் பானையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். மரப்பெட்டி மேல் பானை இருந்த இடத்தில் வட்டமாக ஒரு வெளிறிய தடம். மறுநாள் காலை சுமி அடுப்பைப் பற்றவைத்துவிட்டு அந்த வட்டத்தின் முன்— இல்லை. வெறும் இடத்தைப் பார்த்து உருகுவது எனக்குக் கைவந்த வித்தை, அதனாலேயே வேண்டாம்.

இரண்டாவது: டாக்டர் மனம் மாறுகிறார், ஃபுகுவோக்காவுக்கு ஃபோன் போடுகிறார், மகள் பெருந்தன்மையாகச் சிரிக்கிறாள். மகளை நமக்குத் தெரியாது. தெரியாத ஆளை ஃபோனில் கூப்பிட்டுக் கதையை முடிப்பது அழகில்லை.

மூன்றாவது: தூக்கும்போது பானை கை தவறி உடைகிறது, தங்கம் வைத்து ஒட்டுகிறார்கள். ஜப்பான் என்றாலே எல்லாரும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள் என்று தெரியும். பானை மேல் நான் கை வைக்கமாட்டேன். அது குழந்தைகள் பந்தடித்தும் உடையாமல் வந்திருக்கிறது.

ஆகவே என்னிடம் இருப்பது முடிவு அல்ல, டாக்டர் அடுத்துச் சொன்ன வார்த்தைதான்.

"வேன்ல மெத்தை இருக்கு," என்றார். "எடுத்துட்டுப் போகத்தான் வந்தேன். மகளுக்கும் சொல்லியாச்சு." பானையைப் பார்த்தார். அது அவரைப் பார்த்து, முகத்தைக் காட்டியபடி, உட்கார்ந்திருந்தது. "சரி. ஒண்ணு பண்ணுவோம். அடுத்து யாராவது வரட்டும். நாம மாமா மாதிரி மூலையில உட்கார்ந்து பார்ப்போம். வர்றவங்க இதைப் பார்த்துட்டு உச்சுக் கொட்டிக் கண்ணைத் துடைச்சாங்கன்னா, நான் தூக்கிட்டுப் போயிடுவேன்."

"சிரிச்சா?"

"சிரிச்சா இங்கேயே இருக்கட்டும்."

"ரெண்டும் பண்ணாம சும்மா உட்கார்ந்திருந்தா?"

டாக்டர் கழற்றி வைத்த மோதிரத்தை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"இன்னிக்கு நண்டு ஏலம்," என்றாள் சுமி. "யாருமே வர மாட்டாங்க."

"மழை பெய்யுதே. யாராவது ஒதுங்குவாங்க."

இருவரும் மூலைக்குப் போய் வெறும் பாயில் உட்கார்ந்தார்கள். டாக்டர் கையைக் கட்டிக்கொண்டார். சுமியும் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் டாக்டருக்கு என்ன ஞாபகம் வந்ததோ, தோள் லேசாகக் குலுங்கியது. சுமி திரும்பிப் பார்க்கப் போனாள். பார்க்காமல் இருந்துவிட்டாள்.

10

வாசல் கதவு நகர்கிறது. யாரோ குடையை உதறுகிறார்கள், செருப்பைக் கழற்றுகிறார்கள்.

நீங்கள்தான்.

என்னால் முடிந்தது இவ்வளவுதான், இனி நீங்கள் நடந்து போக வேண்டும். கூடைகளைத் தாண்டி, துணிகளைத் தாண்டி, கடைசி அறை. பாய் கொஞ்சம் சில்லென்று இருக்கும், அடுப்பு இடது பக்கம். உட்காரும் சிறு மெத்தை வேண்டுமென்றால் எடுத்துப் போட்டுக்கொள்ளலாம். பானைக்கு இப்போது அட்டை இல்லை. கறையும் தொய்வும் சுவரைப் பார்த்து இருக்கின்றன. அவை அங்கே இருப்பது உங்களுக்குத் தெரியும், அதைத் தெரியாதது போல வைத்துக்கொள்ள முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை.

அழுவீர்களா, சிரிப்பீர்களா, சும்மா உட்காருவீர்களா என்று கேட்கமாட்டேன். வேனில் மெத்தைகள் தயாராக இருக்கின்றன என்பதை மட்டும் ஞாபகப்படுத்துகிறேன்.

பானையை நோக்கி இரண்டடி வைத்துவிட்டீர்கள். மூலையில் இரண்டு பெண்கள் தலையைக் குனிந்து, கையைக் கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். இந்த அறைக்கு வந்து பானைக்கு மண்டியிட்டவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு அந்த மூலையில் இருப்பது யார் என்று தெரியாது.

உங்களுக்குத் தெரியும். முதலில் எந்தப் பக்கம் குனியப்போகிறீர்கள்?